ஸ்பிளிட் ஸ்கிரீன்: பிரிகிற திரையா, சேர்கிற திரையா?

வெளியூரில் இருப்பவரை ஜூமில் பேட்டி எடுத்து, கேட்பவரை இடப்பக்கமும் பதில் சொல்பவரை வலப்பக்கமும் வைத்துக் காட்டுகிறோமே, அந்த அமைப்புக்குப் பெயர் ஸ்பிளிட் ஸ்கிரீன். ‘டபுள் விண்டோ’ என்பவர்களும் உண்டு. தமிழில் ‘பிளவுத் திரை’ என்று எழுதுகிறார்கள். அதைப் படித்தால் எனக்குக் கைப்பேசி கீழே விழுந்து கண்ணாடி விரிசல் விட்டதுதான் ஞாபகம் வருகிறது.

‘ஸ்பிளிட்’ ஆங்கிலத்துக்கு டச்சு மொழி வழியாக 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த சொல். மாலுமிகளின் பேச்சு அது. கப்பல் பாறையில் மோதி உடைவதைத்தான் முதலில் குறித்தது. ‘ஸ்கிரீன்’ என்பது கணப்பு நெருப்பின் சூடு முகத்தில் அடிக்காமல் இருக்க முன்னால் வைக்கும் தடுப்பு. மறைப்பதற்கென்று இருந்த பொருள், பிறகு படம் விழும் பரப்பாகி, காட்டுவதற்கான பொருளாக மாறிவிட்டது. நம் ‘திரை’யும் அதே வழியில்தான் வந்திருக்கிறது: மறைக்கும் துணி, அப்புறம் சினிமா. (திரை என்றால் அலையும்தான். ‘திரைகடல் ஓடியும் திரவியம் தேடு’ என்கிறது கொன்றை வேந்தன். உடைந்த கப்பலுக்குப் பொருத்தமான துணை!)

சினிமாவில் இந்த உத்தி பழையது. லோயிஸ் வெபரும் பிலிப்ஸ் ஸ்மாலியும் 1913இல் எடுத்த ‘சஸ்பென்ஸ்’ என்ற மௌனப் படத்தில் சட்டகம் முக்கோணங்களாகப் பிரிகிறது. ஒன்றில் வீட்டில் தனியாக இருக்கும் மனைவி, ஒன்றில் அவள் தொலைபேசியில் கூப்பிட்ட கணவன், இன்னொன்றில் வீட்டுக்குள் நுழையப் பார்க்கும் நாடோடி. கவனியுங்கள், இங்கே திரையைப் பிரித்ததே தொலைவில் இருக்கும் இருவரின் பேச்சை ஒரே நேரத்தில் காட்டத்தான். பெயரில் பிளவு இருந்தாலும் நடந்த வேலை சேர்ப்புதான்.

கணினியில் உட்கார்ந்து செய்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற வீடியோ பதிவு மென்பொருளில் 1920×1080 பிக்சல் பரப்பு எடுத்துக்கொள்கிறோம் என்று வையுங்கள். இரண்டு பேரின் படமும் அதே 16:9 அகல-உயர விகிதத்தில்தான் வருகிறது. இரண்டையும் பாதியாகச் சுருக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒவ்வொன்றும் 960×540. மேலே 270, கீழே 270 பிக்சல் கறுப்பாகக் கிடக்கும். சுருக்காமல் பரப்பை நிறைக்க வேண்டுமென்றால், ஆல்ட் விசையை அழுத்தியபடி ஓரத்தை இழுத்து ஒவ்வொரு படத்திலும் இருபக்கமும் 480 பிக்சல் வெட்டி, நடுவில் 960×1080 மட்டும் வைக்க வேண்டும். நான் முதன்முதலில் இப்படி வெட்டியபோது, விருந்தினர் நாற்காலியைக் கொஞ்சம் ஓரமாகப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய ஒரு காது அடுத்த கட்டத்தின் எல்லைக்குள் போய்விட்டது. ஒரு மணி நேரப் பேட்டி, காது இல்லாமலே ஓடியது. இப்போதெல்லாம் பதிவைத் தொடங்கும் முன், “சார், நடுவுக்கு வாங்க” என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

தலைகள் இரண்டும் ஒரே அளவில், கண்கள் ஒரே உயரத்தில் இருந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இடப்பக்கத்தவர் சற்று வலப்பக்கமும், வலப்பக்கத்தவர் சற்று இடப்பக்கமும் திரும்பியிருந்தால் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது போலவே இருக்கும். மாறி வைத்தீர்களோ, கோபித்துக்கொண்ட சம்பந்திகள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? சினிமா உத்திக்குப் ‘பிரிதிரை’ போதும். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. பிரிந்த, பிரிகிற, பிரியும் திரை என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். ஆனால் பேட்டியில் எதுவும் பிரியவில்லை, வெவ்வேறு ஊர்க் காட்சிகள் இரண்டு வந்து சேர்கின்றன. அதற்கு ‘இணைதிரை’தான் சரி என்பது என் கட்சி.

இன்னொரு சொல்லும் ஆசை காட்டுகிறது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று வகை மேடைத் திரைகளைச் சொல்கிறது. ஒருமுக எழினி ஒரு பக்கத்திலிருந்து வருவது. பொருமுக எழினி இரு பக்கமிருந்தும் வந்து நடுவில் சந்திப்பது. நம் இரண்டு கட்டங்களும் அப்படித்தானே நடுக்கோட்டில் சந்திக்கின்றன! ஒரே ஒரு சிக்கல்: ‘பொருதல்’ என்றால் மோதுதல், போரிடுதல் என்றும் பொருள். அதனால் பேட்டிக்கு இணைதிரையை வைத்துக்கொண்டு, ‘பொருமுகத் திரை’யை இரவு ஒன்பது மணி தொலைக்காட்சி விவாதத்துக்கு விட்டுக்கொடுத்துவிடலாம்.