எழும்பும்போதே அசதி: உடம்புக்குள் நடப்பது என்ன?

"ராத்திரி நல்லாத்தான் தூங்கினேன், ஆனா எழும்பும்போதே ஏலாம இருக்கு." ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் எந்தக் கிளினிக் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாலும் இதைக் கேட்கலாம். பக்கத்தில் இருப்பவர்கள் குளிர், வயசு, வீட்டு யோசனை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். வீட்டுக்காரர்கள் "சோம்பல்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஒரு நாள் பாடுபட்டதால் வரும் களைப்பு, தூங்கி எழும்பினால் போய்விடும். வாரக்கணக்கில் போகாமல் கிடக்கும் அசதி வேறு. அதற்கு உடம்புக்குள் காரணம் தேட வேண்டும். மலைநாட்டில், அதுவும் பெண்களுக்கு, அந்தத் தேடலை இரத்தத்திலிருந்து தொடங்குவதுதான் சரி.

தசை வேலை செய்ய ஒட்சிசன் வேண்டும். அதைச் சுமந்து போவது செங்குருதிக் கலங்களில் இருக்கும் ஈமோகுளோபின். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் 4 இரும்பு அணுக்கள் உண்டு. ஒவ்வோர் அணுவும் ஓர் ஒட்சிசன் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும். இரும்பு குறைந்தால் சுமக்கும் ஒட்சிசனும் குறைகிறது. அந்தக் குறையைச் சமாளிக்க இதயம் வேகமாக அடிக்கிறது. கூடையை மாட்டிக்கொண்டு மேட்டு மலைக்கு ஏறும்போது பாதி வழியிலேயே படபடப்பும் மூச்சு வாங்கலும் வருவது இதனால்தான்.

மலைவாசிகளுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. நுவரெலியா நகரம் சுமார் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். ஒரு மூச்சில் கிடைக்கும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைவு. உடம்பு கூடுதலாக ஈமோகுளோபின் உண்டாக்கி அதை ஈடுகட்டுகிறது. அதனால் கொழும்பில் போதும் என்கிற அளவு இங்கே போதாது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு டெசிலீட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் இரத்தச்சோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1,500 மீட்டருக்கு மேல் வாழ்பவர் என்றால் அந்த எல்லையோடு சுமார் 1 கிராமைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பது அதன் 2024 வழிகாட்டல். ரிப்போர்ட்டில் 12.2 இருக்கிறது, நார்மல்தான் என்று மடித்து வைக்கும்முன் வைத்தியரிடம் இதைக் கேட்பதில் தப்பில்லை.

ஈமோகுளோபின் நன்றாக இருந்தும் அசதி வரலாம். இரும்பின் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற வேறொரு பரிசோதனை. வீட்டில் அரிசிப் பெட்டி காலியாகிக்கொண்டே வந்தாலும் கடைசி வரை பானையில் சோறு வேகும் அல்லவா? அப்படித்தான், முதலில் சேமிப்புக் கரையும். இரத்தத்தில் அது தெரிவது கடைசியில். தசைக் கலங்களுக்குள் சக்தி உண்டாக்கும் நொதியங்கள் பலவற்றுக்கும் இரும்பு தேவை என்பதால், இரத்தம் குறையும்முன்பே உடம்பு சோரலாம். பிரான்சில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இரத்தச்சோகை இல்லாத, ஆனால் ஃபெரிட்டின் லீட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்த 198 பெண்களில் பாதிப் பேருக்கு 12 வாரம் இரும்புக் குளிசையும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் குளிசையும் கொடுத்தார்கள். 2012இல் வெளிவந்த முடிவின்படி, இரும்பு எடுத்தவர்களின் அசதி ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வெறும் குளிசை எடுத்தவர்களுக்கும் 29 சதவீதம் குறைந்ததுதான் வேடிக்கை. "அந்த டொனிக் குடிச்சேன், சரியாப்போச்சு" என்ற கதைகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்க வேண்டியது இதனால்தான்.

சரி, இரும்பு எங்கே போகிறது? உடம்பு ஒரு நாளைக்கு உணவிலிருந்து எடுத்துக்கொள்வது 1 முதல் 2 மில்லிகிராம்தான். மாதவிடாயில் 30, 40 மில்லிலீட்டர் இரத்தம் போனாலே 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு போய்விடும். அதிகமாகப் போகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு கர்ப்பத்துக்கு மொத்தம் சுமார் 1,000 மில்லிகிராம் தேவைப்படுகிறது. அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றவருக்குச் சேமிப்பு எங்கே மிஞ்சும்? இதோடு கொக்கிப்புழுவும் சேர்ந்தால் கணக்கு இன்னும் மோசம். செருப்பில்லாத காலின் தோல் வழியாக உள்ளே போய்க் குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் புழு அது. 1910களின் நடுவிலேயே அமெரிக்காவின் ரொக்ஃபெல்லர் மன்றம் இலங்கைத் தோட்டங்களில் இதற்கெதிராகப் பெரிய இயக்கமே நடத்தியது. இப்போது செருப்பும் மலசலகூடமும் பூச்சிக் குளிசையும் வந்து நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆனாலும் மறந்துவிடக்கூடிய காரணம் அல்ல.

அப்புறம் தேத்தண்ணி. காலையில் கோதுமை ரொட்டியும் சம்பலும், கூடவே சாயம் கூடின ஒரு கோப்பை. மலையில் வேலைக்கு நடுவில் போத்தலில் கொண்டுபோனது. சோறு தின்ற கையோடு இன்னொன்று. தேயிலையில் இருக்கும் பொலிஃபீனோல்கள் மரக்கறி, தானியங்களில் உள்ள இரும்பைக் குடலிலேயே பிணைத்துவிடுகின்றன. அந்த இரும்பு உள்ளே வராமல் வெளியே போகிறது. பாணோடும் சோற்றோடும் தேநீர் குடிக்கும்போது இப்படி நடப்பதை 1975ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. சாப்பாட்டோடு குடிக்கும் கடுஞ்சாயம், கிடைக்கும் இரும்பைப் பாதி அளவுக்கும் கீழே கொண்டுபோய்விடும். பால் ஊற்றினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. நானும் நாளுக்கு நாலு கோப்பை குடிக்கிற ஆள்தான், தேத்தண்ணியை விடச் சொல்ல மாட்டேன். சாப்பிட்டு ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் பாதிப்புப் பெருமளவு குறைந்துவிடும். சம்பலில் தேசிக்காய் பிழிவது, சாப்பிட்டதும் ஒரு கொய்யாப்பழம் கடிப்பது, இவற்றில் உள்ள விற்றமின் சி எதிர்ப்பக்கம் வேலை செய்து இரும்பை உள்ளே எடுக்க உதவும். ஈரல், இறைச்சி, மீனில் உள்ள இரும்பைத் தேயிலை அவ்வளவாகத் தடுக்காது. ஆனால் அவற்றை அடிக்கடி வாங்க முடிகிற லயத்து வீடுகள் எத்தனை?

குறைபாடு உறுதியானால் சாப்பாடு மட்டும் போதாது, குளிசை வேண்டும். கிளினிக்கில் கொடுக்கிற இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் அதில் பெரும்பகுதி வீண். கல்சியம் குளிசையையும் அதோடு சேர்க்கக்கூடாது, வேறு நேரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். வயிறு எரிகிறது, மலம் கட்டுகிறது, கறுப்பாகப் போகிறது என்று பலரும் பத்தே நாளில் நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பாகப் போவது இரும்பால்தான், பயப்பட ஒன்றுமில்லை. மற்ற இரண்டுக்கும் வழி இருக்கிறது. ஒரு குளிசை போட்டதும் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹோர்மோனைக் கூட்டிவிடும். ஏறக்குறைய ஒரு நாளுக்குக் குடல் இரும்பை எடுப்பதை அது குறைத்துவிடும். அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தால் ஒவ்வொரு குளிசையிலிருந்தும் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது, வயிற்றுத் தொந்தரவும் குறையலாம். கர்ப்பிணிகள் இதைத் தாங்களாக மாற்றாமல் மிட்வைஃபையோ வைத்தியரையோ கேட்க வேண்டும். உடம்பு தேறிவிட்டது என்று தோன்றிய பிறகும் சேமிப்பு நிரம்ப இன்னும் சில மாதம் எடுக்க வேண்டும்.

பரிசோதிக்காமல் இரும்பை விழுங்கிக்கொண்டே இருப்பதும் சரியல்ல. தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் காவிகளுக்கும் செங்குருதிக் கலங்கள் சிறுத்திருக்கும், இரத்தக் கலங்களை எண்ணும் எஃப்.பி.சி. ரிப்போர்ட்டில் இரும்புக் குறைபாடு போலவே தெரியும். ஆண்களுக்கோ மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ இரும்பு குறைந்திருந்தால், குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.

இரும்பு சரியாக இருந்தால்? குளிர் தாங்க முடியாமை, மலச்சிக்கல், எடை கூடுவது இருந்தால் தைரொயிட்டுக்கு டி.எஸ்.எச். என்ற இரத்தப் பரிசோதனை பார்க்கலாம். நீரிழிவைப் பார்க்க வேண்டும். பலமாகக் குறட்டை விட்டுப் பகலில் தூங்கி விழுபவருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கலாம். மனச்சோர்வும் உடம்பு அசதியாகவே வெளிப்படும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், பின்னேரக் காய்ச்சல், மெலிவு என்றால் காசநோயா என்று பார்க்க நாள் கடத்தாமல் சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

இவை எதுவும் இல்லாமல், டெங்கு, சிக்குன்குனியா, கொவிட் போன்ற ஒரு காய்ச்சலுக்குப் பிறகு தொடங்கி மாதக்கணக்கில் நீளும் அசதியும் உண்டு. அது 6 மாதம் தாண்டி, பாடுபட்டால் மோசமாகி, தூங்கினாலும் தெளிவு வராமல் இருந்தால் நாட்பட்ட அசதி நோயாக இருக்கலாம். பாடுபட்ட அன்று சமாளித்துவிடுவார்கள்; மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ எழும்ப முடியாமல் விழுவார்கள். இவர்களிடம் "நடந்து பழகு, உடம்பு இளகும்" என்பது கெடுதல். தேகப்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையை இந்த நோய்க்குக் கொடுக்கக்கூடாது என்று பிரித்தானிய வழிகாட்டல் 2021இல் சொல்லிவிட்டது. இருக்கிற சக்திக்குள் வேலையைப் பிரித்துக்கொள்வதுதான் வழி: உட்கார்ந்து காய் வெட்டுவது, துணி துவைப்பதையும் தண்ணீர் சுமப்பதையும் ஒரே நாளில் வைக்காதது, நன்றாக இருக்கிற நாளிலும் முழுதாக இறங்காமல் நிறுத்திக்கொள்வது.

சொல்வது சுலபம். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடுகிற இடத்தில், பாதியில் நிறுத்து என்றால் யாரால் முடியும்? குறைந்தபட்சம், இலேசான வேலைக்கு வைத்தியரிடம் கடிதம் கேட்கலாம். போகும்முன் இரண்டு வாரம் ஒரு கொப்பியில் எந்த நாள் என்ன வேலை, அதற்கு அடுத்த இரண்டு நாள் உடம்பு எப்படி என்று குறித்து, அதையும் பழைய இரத்த ரிப்போர்ட்டுகளையும் கையில் கொண்டுபோக வேண்டும். வேலைக்கும் விழுவதற்கும் நடுவில் ஒரு நாள் இடைவெளி இருந்தால், வாயால் சொல்லும்போது அது விட்டுப்போகும். கொப்பியில் வைத்தியருக்கு உடனே தெரியும்.