கிளினிக் வாசலுக்கு முன் 150 மீட்டர்: பிரிட்டனின் பஃபர் ஸோன் சட்டம் யாருக்கு, எப்படி உதவும்?

கருக்கலைப்புக்காக ஒரு கிளினிக்குக்குப் போக வேண்டியிருக்கிறது. அல்லது தங்கையையோ தோழியையோ அழைத்துக்கொண்டு போகிறீர்கள். அல்லது அங்கே நர்ஸாகவோ, ரிசப்ஷனிலோ, துப்புரவுப் பணியிலோ இருக்கிறீர்கள். வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் வழிமறித்து, கையில் துண்டுப் பிரசுரத்தைத் திணித்து, "உள்ளே போகாதீர்கள் அம்மா" என்று கெஞ்சினால் என்ன செய்வது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கு நேரடியான பதில் 2024 அக்டோபர் 31 முதல் சட்டத்திலேயே இருக்கிறது. கிளினிக்கைச் சுற்றி 150 மீட்டருக்குள் அப்படிச் செய்வது குற்றம். 2023ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தில் 9ஆவது பிரிவு இதைச் சொல்கிறது.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு இப்படி ஒரு சட்டம் எதற்கு என்றே முதலில் புரியாது. தமிழ்நாட்டில் இந்த விஷயத்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போகிற பெண்ணுக்கு வெயிட்டிங் ரூமில் தெரிந்த முகம் ஏதும் இருந்துவிடுமோ என்றுதான் பயம். தெரியாத ஆட்கள் வாசலில் வரிசையாக நிற்பார்கள் என்று அவள் நினைத்திருக்கவே மாட்டாள். சில வருடங்களுக்கு முன் ஒரு தோழியோடு லண்டனில் இப்படிப் போனபோது எனக்கும் அதே அதிர்ச்சிதான். இரண்டு பேர் மிக மென்மையாகத்தான் பேசினார்கள், ஒருவர் ஜெபமாலையை நீட்டினார். யாரும் கத்தவில்லை. ஆனாலும் உள்ளே போய் உட்கார்ந்த பிறகு அரை மணி நேரம் அவளால் பேச முடியவில்லை. அன்று இதைத் தட்டிக்கேட்கிற சட்டம் இல்லை. இன்று இருக்கிறது என்பதை நம்மவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சட்டம் இதை 'சேஃப் ஆக்சஸ் ஸோன்' என்கிறது, பேச்சில் பஃபர் ஸோன். 'பாதுகாப்பு வலயம்' என்று தமிழில் எழுத மனம் வரவில்லை. 2009க்குப் பிறகு அந்தச் சொல்லை ஈழத்தவர் யாராலும் சாதாரணமாகப் படிக்க முடியாது. அதனால் பஃபர் ஸோன் என்றே எழுதுகிறேன்.

எது குற்றம்?

150 மீட்டர் என்பது ஏறக்குறைய இரண்டு நிமிட நடை. கிளினிக் கட்டடத்திலிருந்து மட்டும் அதை அளப்பதில்லை. கிளினிக் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் இருந்தால், அந்த வளாகத்துக்குள் நுழையும் வழிகளிலிருந்தும் அளக்க வேண்டும். அதாவது பஸ்ஸிலிருந்து இறங்கி மெயின் கேட்டை நோக்கி நடக்கும்போதே பெரும்பாலும் நீங்கள் எல்லைக்குள் வந்துவிடுவீர்கள்.

அந்த எல்லைக்குள் மூன்று காரியங்களைச் சட்டம் தடுக்கிறது. கருக்கலைப்புச் சேவையைப் பெறுவது, தருவது, அதற்கு உதவுவது பற்றி ஒருவர் எடுக்கும் முடிவை மாற்ற முயல்வது ஒன்று. போகிற வழியை மறிப்பது, தாமதப்படுத்துவது இன்னொன்று. அந்த முடிவு தொடர்பாக ஒருவரைத் தொல்லைப்படுத்துவது, பயமுறுத்துவது, மனம் கலங்க வைப்பது மூன்றாவது. வேண்டுமென்றே செய்தால்தான் குற்றம் என்று இல்லை. தன் செயலுக்கு அப்படிப்பட்ட விளைவு வரலாம் என்று தெரிந்தும் பொருட்படுத்தாமல் செய்தாலும் குற்றம்தான். தண்டனை அபராதம், அதற்கு உச்சவரம்பு கிடையாது. இந்தப் பிரிவில் சிறைத்தண்டனை இல்லை.

'தருவது, உதவுவது' என்ற இரண்டு சொற்களைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். டாக்டரும் நோயாளியும் மட்டும் இதில் வரவில்லை. போனை எடுப்பவர், ஸ்கேன் எடுப்பவர், ரத்த மாதிரி எடுப்பவர், அறையைத் துடைப்பவர், வாசலில் நிற்கும் செக்யூரிட்டி எல்லோரும் வருகிறார்கள். நோயாளி ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் அந்த வாசலைக் கடக்கிறார். ஊழியர்கள் வாரத்துக்கு ஐந்து நாள் கடக்கிறார்கள். "நாங்க ஸ்டாஃப்தானே, எங்களுக்கு இது பொருந்தாது" என்று நினைத்துப் பேசாமல் இருக்க வேண்டாம். வேலைக்கு வரும்போது உங்களை யாராவது மறித்தாலும் இதே சட்டம்தான்.

இன்னொன்று. சட்டம் 'கருக்கலைப்புக்கு எதிராக' என்று சொல்லவில்லை, 'முடிவை மாற்ற முயல்வது' என்றுதான் சொல்கிறது. ஆதரவாளர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஆதரவாகப் பத்து பேர் பதாகையோடு வாசலில் கூடினால், உள்ளே போகிற பெண்ணுக்கு அது இன்னொரு கூட்டம்தான். அவளுக்குத் தேவை வெறிச்சோடிய ஒரு நடைபாதை.

எது குற்றமில்லை?

தேவாலயத்துக்குள், கோயிலுக்குள் நடக்கும் வழிபாட்டையோ பிரசங்கத்தையோ சட்டம் தொடுவதில்லை. வீட்டுக்குள் குடும்பத்தோடு பேசுவதையும் தொடுவதில்லை. எல்லைக்கு வெளியே போராட்டம் நடத்தலாம், பேசலாம், எழுதலாம். கருக்கலைப்பு தவறு என்று நம்பும் உரிமையை யாரும் பறிக்கவில்லை. நம்மிடையே கத்தோலிக்கர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களிடம் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கட்டுப்பாடு இடத்துக்குத்தான், நம்பிக்கைக்கு அல்ல.

அதிகம் சண்டை நடப்பது மௌன ஜெபம் பற்றி. 2023 மார்ச்சில் மௌன ஜெபத்துக்கு விலக்குத் தர வேண்டும் என்ற திருத்தத்தை நாடாளுமன்றக் கீழவை 299க்கு 116 என்ற வாக்கில் நிராகரித்தது. அதற்காக மௌனமாக ஜெபித்தாலே குற்றம் என்றும் ஆகிவிடாது. அரசு வழக்குத் தொடரும் துறையின் வழிகாட்டுதல்படி, மௌன ஜெபம் எல்லா நேரமும் குற்றமாகாது, ஒவ்வொரு சம்பவத்தையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். எங்கே நின்றார், எவ்வளவு நேரம், யாரைப் பார்த்தபடி என்பதெல்லாம் கணக்கில் வரும்.

உங்களோடு, உங்கள் சம்மதத்தோடு வருபவருக்கு விலக்கு உண்டு. "நல்லா யோசிச்சியாடா?" என்று வழியில் உங்களிடம் கேட்டதற்காக உங்கள் அக்கா குற்றவாளி ஆகிவிட மாட்டார். ஆனால் நம் வீடுகளில் வற்புறுத்தல் பல நேரம் தெருவில் நிற்பவரிடமிருந்து வருவதில்லை, கூட வருபவரிடமிருந்துதான் வருகிறது. கலைக்காதே என்றும் இருக்கலாம், கலைத்துவிடு என்றும் இருக்கலாம். அந்த இடத்தில் இந்தச் சட்டம் உதவாது. கிளினிக்கின் நடைமுறைதான் உதவும். அங்கே உங்களைத் தனியாக அழைத்துப் பேசுவார்கள். அப்போது உண்மையைச் சொல்லுங்கள். தமிழ் இன்டர்பிரட்டர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம், அதற்குக் காசு கிடையாது. கணவரோ மாமியாரோ மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு குறையும் உண்டு. இங்கிலாந்து சட்டம் கருக்கலைப்புக்கு அனுமதி பெற்ற கிளினிக்குகளையும் அந்தச் சேவை நடக்கும் ஆஸ்பத்திரிகளையும் மட்டுமே காக்கிறது. குடும்ப டாக்டரைப் பார்க்கப் போகும் ஜிபி சர்ஜரியும் மருந்துக்கடையும் இதில் வராது.

ஈலிங்கில் தொடங்கியது

தமிழர்களுக்கு ஈலிங் என்றதும் கனகதுர்க்கை அம்மன் கோயிலும் தேர்த்திருவிழாவும்தான் நினைவுக்கு வரும். அதே ஈலிங்கில் மட்டக் லேன் என்ற தெருவில் ஒரு கருக்கலைப்பு கிளினிக் இருக்கிறது. அதன் வாசலில் இருபது வருடங்களுக்கும் மேலாக எதிர்ப்பாளர்கள் நின்றுவந்தார்கள். வருகிற பெண்களை 'அம்மா' என்று கூப்பிடுவது, கருவின் பொம்மைகளைக் காட்டுவது, படங்கள் உள்ள பிரசுரங்களை நீட்டுவது எல்லாம் அங்கே நடந்ததாகப் புகார்கள் குவிந்தன. அக்கம்பக்கத்துப் பெண்கள் 'சிஸ்டர் சப்போர்ட்டர்' என்று ஒரு குழுவாகச் சேர்ந்து, வருபவர்களுக்குத் துணையாக நின்றார்கள். அவர்கள் கேட்டது எதிர்ப்போராட்டத்துக்கு இடம் அல்ல, இருதரப்பும் அந்த வாசலை விட்டு விலகும் ஒரு விதி.

2018 ஏப்ரலில் ஈலிங் கவுன்சில், சமூக விரோத நடத்தையைத் தடுக்கும் 2014 சட்டத்தைப் பயன்படுத்தி அந்த இடத்தைச் சுற்றி ஓர் உத்தரவு போட்டது. பிரிட்டனில் அதுதான் முதல் பஃபர் ஸோன். அந்த உத்தரவை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றமும், 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கவுன்சில் பக்கமே நின்றன. ஆனால் கவுன்சில் உத்தரவுக்கு ஆயுள் மூன்று வருடம்தான், ஒவ்வொரு முறையும் ஆதாரம் திரட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஒரு கவுன்சிலில் பாதுகாப்பு இருக்கும், பக்கத்துக் கவுன்சிலில் இருக்காது. நாடு முழுக்க ஒரே விதி வேண்டாம், அது அளவுக்கு மீறியது என்று 2018 செப்டம்பரில் அன்றைய உள்துறை அமைச்சர் சஜித் ஜாவித் மறுத்துவிட்டார்.

நாடு முழுக்க பஃபர் ஸோன் கேட்டு, பொது ஒழுங்கு மசோதாவில் வால்தம்ஸ்டோ எம்பி ஸ்டெல்லா க்ரீஸி கொண்டுவந்த திருத்தம் 2022 அக்டோபரில் 297க்கு 110 என்று வென்றது. 2023 மே மாதம் அது சட்டமானது. அப்புறமும் அமலுக்கு வர ஒன்றரை வருடம் பிடித்தது. இந்தத் தாமதத்தை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்த ஒன்றரை வருடத்தில் அந்த வாசல்களைக் கடந்த பெண்களுக்குச் சட்டம் காகிதத்தில் மட்டுமே இருந்தது.

மற்ற இடங்களில் அளவு மாறும். ஸ்காட்லாந்தில் 200 மீட்டர், 2024 செப்டம்பர் 24 முதல். அங்கே சட்டம் 118க்கு 1 என்ற வாக்கில் நிறைவேறியது, அபராதம் 10,000 பவுண்ட் வரை, வழக்கு பெரிய நீதிமன்றத்துக்குப் போனால் அதற்கும் மேல். வட அயர்லாந்தில் 100 மீட்டரிலிருந்து தொடங்குகிறது, அபராதம் 500 பவுண்ட் வரை. அந்தச் சட்டம்தான் 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வரை போய், மனித உரிமைக்கு முரணானது அல்ல என்ற தீர்ப்பைப் பெற்றது. அயர்லாந்து குடியரசிலும் 2024 அக்டோபர் முதல் 100 மீட்டர்.

2025 பிப்ரவரியில் அமெரிக்கத் துணை ஜனாதிபதி ஜே.டி. வான்ஸ், ஸ்காட்லாந்தில் வீட்டுக்குள் ஜெபித்தாலே குற்றமாகலாம் என்பதுபோல் முனிச்சில் பேசினார். அது வாட்ஸப்பில் இன்னும் சுற்றுகிறது. ஸ்காட்லாந்து அரசு அதை மறுத்தது. வீட்டிலிருந்து செய்தாலும், எல்லைக்குள் இருப்பவர்கள் பார்க்கும்படியோ கேட்கும்படியோ அவர்களை நோக்கிச் செய்தால்தான் அந்தச் சட்டம் குறுக்கே வரும்.

வாசலில் யாராவது நின்றால்

பதில் சொல்ல வேண்டாம், வாக்குவாதம் வேண்டாம், கையில் எதையும் வாங்க வேண்டாம். நேராக உள்ளே போய் ரிசப்ஷனில் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன சொன்னார்கள் என்று ஊழியர்கள் குறித்துக்கொள்வார்கள். அந்தக் குறிப்புதான் பிறகு போலீஸுக்கு உதவும். வழிமறிப்போ மிரட்டலோ அந்த நேரமே நடந்துகொண்டிருந்தால் போலீஸின் அவசர எண் 999, முடிந்த பிறகு சொல்வதென்றால் 101. கூட வந்தவர் போனில் படம் எடுக்க நினைத்தால் மற்ற நோயாளிகளின் முகம் அதில் விழக் கூடாது. புகார் கொடுத்ததால் நீங்கள் கிளினிக்குக்கு வந்த விஷயம் ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. அதனால்தான் முதலில் ரிசப்ஷனில் சொல்லச் சொல்கிறேன்.

ஊழியர்களுக்கு வீட்டு முகவரிக்கோ இணையத்திலோ மிரட்டல் வந்தால் பஃபர் ஸோன் சட்டம் எட்டாது. ஆனால் தொல்லைக்கு எதிரான 1997 சட்டம் இருக்கிறது. மெசேஜை அழிக்காமல் வைத்து மேலாளரிடமும் போலீஸிடமும் காட்டுங்கள்.

"10 வாரத்துக்குள் என்றால் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுமே, யார் கிளினிக்குக்குப் போகிறார்கள்?" என்று சிலர் கேட்கிறார்கள். சரிதான், போனில் ஆலோசனை பெற்று மாத்திரையைத் தபாலில் வாங்கலாம், இங்கிலாந்தில் 2022 முதல் அது நிரந்தர ஏற்பாடு. ஆனால் ஸ்கேன் தேவைப்படுகிறவர்களும் 10 வாரம் தாண்டியவர்களும் நேரில்தான் போக வேண்டும். அதோடு, ஒரே வீட்டில் நான்கு பேரோடு அறையைப் பகிர்ந்து இருக்கும் மாணவியும், மாமியார் வீட்டில் இருக்கும் மருமகளும் அந்தப் பார்சலை யார் பிரிப்பார்களோ என்று பயந்து கிளினிக்கையே தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த 150 மீட்டர் அவர்களுக்குத்தான் மிகவும் முக்கியம்.

மாணவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். விசாவுக்காக வருடம் 776 பவுண்ட் ஹெல்த் சர்சார்ஜ் கட்டியிருந்தால் இந்தச் சேவையும் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் மூலம் உங்களுக்கு இலவசம். ஜிபியிடம் போகாமல் நேரடியாக, கருக்கலைப்பு கிளினிக்குகளை நடத்தும் பிபாஸ், எம்எஸ்ஐ போன்ற அமைப்புகளுக்கே போன் செய்யலாம். ஜிபிக்குத் தெரிவிக்க வேண்டாம் என்றும் சொல்லலாம். அப்பாயின்ட்மென்ட் கிடைத்ததும் முதல் நாளே ஒரு முறை போன் செய்து, எந்த வாசல் வழியாக வருவது, வெளியே யாராவது நிற்பதுண்டா, டாக்ஸி வாசல் வரை வருமா என்று கேளுங்கள். தினமும் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பழகியவர்கள்தான் மறுமுனையில் இருப்பார்கள்.