கேள்வியும் கொட்டாவியும்

"அண்ணா, அந்த அன்னா எங்கதான் போனா?" என்று தம்பி கேட்டபோது படம் தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குள் அவன் இரண்டு தடவை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவியோ திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரே சோபா, ஒரே டிவி, ஒரே படம்.

படம் 'லாவென்தூரா'. இத்தாலிய இயக்குநர் மிகெலாஞ்சலோ அன்டோனியோனியின் 1960ஆம் ஆண்டுப் படம். பணக்கார நண்பர்கள் சிலர் விடுமுறைக்குப் படகில் போகிறார்கள். சிசிலிக்கு வடக்கே, லிஸ்கா பியான்கா என்ற மொட்டைப் பாறைத் தீவில் இறங்குகிறார்கள். அரை மணி நேரம்போல ஆனதும் அன்னா காணாமல் போகிறாள். பாறை இடுக்கெல்லாம் தேடுகிறார்கள். அப்புறம் அவளுடைய காதலன் சான்ட்ரோவும் தோழி கிளவுடியாவும் சிசிலியில் ஊர் ஊராகத் தேடிப் போய், தேடுவதையே கொஞ்சம் கொஞ்சமாக மறக்கிறார்கள். இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படத்தில் அன்னா என்ன ஆனாள் என்பதற்குப் பதிலே கிடையாது.

தம்பிக்குத் துணைக்கு ஆள் உண்டு. பிரான்சின் கான் திரைப்பட விழாவில் இந்தப் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டபோது அரங்கில் ஊளையிட்டார்கள், நீண்டுகொண்டே போன காட்சிகளில் "கட், கட்!" என்று கத்தினார்கள். மறுநாளே இயக்குநர் ரோபர்த்தோ ரோசலீனி உட்படப் பலர் படத்தை ஆதரித்துக் கையெழுத்திட்டு அறிக்கை விட்டார்கள். அதே விழாவில் படம் நடுவர் குழுப் பரிசும் வாங்கியது. 1962இல் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமா பத்திரிகை விமர்சகர்களிடம் உலகின் சிறந்த படங்களைக் கேட்டபோது இதற்கு இரண்டாம் இடம். இரண்டு பக்கமும் படித்தவர்கள்தான், சினிமா தெரிந்தவர்கள்தான். அதனால் "ரசனை இல்லாதவனுக்குப் புரியாது" என்ற வழக்கமான விளக்கம் இங்கே செல்லாது.

மனைவி பக்கம் என்ன நடந்தது என்பதை முதலில் சொல்கிறேன். காணாமல் போவதற்கு முன் அன்னா தன் மேல்சட்டை ஒன்றைத் தோழியின் பையில் போட்டுவிடுகிறாள். பிறகு அந்தச் சட்டையைக் கிளவுடியா உடுத்திக்கொண்டு வந்தபோது, "ஐயோ, இது அவளோட சட்டை" என்றாள் மனைவி. தம்பி அப்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கண்முன் ஓடுவதை மூளை எப்படித் துண்டு துண்டாகப் பிரித்துப் புரிந்துகொள்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஜாக்ஸ் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார். ஒருவர் பாத்திரம் கழுவுவது போன்ற சாதாரண வீடியோவைக் காட்டி, ஒரு செயல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று தோன்றும்போது பட்டனை அழுத்தச் சொன்னால், முன்பின் தெரியாதவர்களும் பெரும்பாலும் ஒரே இடங்களில்தான் அழுத்துகிறார்கள். மூளை, அடுத்த நொடி என்ன நடக்கும் என்று சதா கணித்துக்கொண்டே இருக்கிறது என்பது அவர் தரப்பு விளக்கம். கணிப்பு பொய்க்கும் இடத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டு, புதுக் கணக்கைத் தொடங்குகிறது.

தம்பியின் மூளை கணித்தது துப்பறியும் கதையை. அடுத்து ரத்தக்கறை, இல்லாவிட்டால் ஒரு சாட்சி. இரண்டும் வரவில்லை, பாறை, அலை, மறுபடியும் பாறை. கோடு கிழிக்க அவனுக்கு எதுவும் கிடைக்கவில்லை. மனைவி கவனித்தது யார் யாரைப் பார்க்கிறார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள் என்பதை. அந்த அளவில் பார்த்தால் இந்தப் படத்தில் நிமிடத்துக்கு நிமிடம் ஏதாவது நடக்கிறது. ஜாக்ஸ் இந்தப் படத்தைச் சோதித்ததாகச் சொல்லவில்லை. இது என் ஊகம்.

நேரம் இழுபடுவதற்கும் காரணம் உண்டு. பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் பத்து நிமிடத்தை நினைத்துப் பாருங்கள். கவனத்துக்கு வேறு வேலை இல்லாதபோது அது நேரத்தையே எண்ண ஆரம்பிக்கிறது. எண்ண எண்ண நேரம் நீள்கிறது. அதிலும் கேள்வியைக் கிளப்பிவிட்டுக் காக்க வைத்தால் பாடு அதிகம். தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் நடுவே ஓர் இடைவெளி கண்ணில் பட்டால் அதுதான் ஆர்வம் என்று ஆய்வாளர் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் 1994இல் எழுதினார். அது ஓர் அரிப்பு மாதிரி. அதே 1960இல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'விலும் நாயகி பாதியிலேயே இல்லாமல் போகிறாள். ஆனால் ஹிட்ச்காக் கடைசியில் ஒரு மனநல மருத்துவரைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் சொல்லவைக்கிறார். அந்தக் காட்சி எனக்குப் பிடிக்காது, ஆனாலும் அரிப்பு தீர்ந்துவிடுகிறது.

பதில் கிடைக்காததை எல்லோரும் ஒரே மாதிரி தாங்குவதில்லை. 'ஏதாவது ஒரு முடிவு வேண்டும்' என்ற தவிப்பு ஆளுக்கு ஆள் மாறும் என்று காட்டிய உளவியலாளர் ஆரி க்ருக்லான்ஸ்கி, அதை அளக்கக் கேள்வித்தாளே தயாரித்தார். அதைவிடச் சுவாரஸ்யம், இரைச்சலும் நேர நெருக்கடியும் ஒரே ஆளிடம் அந்தத் தவிப்பைக் கூட்டிவிடும் என்பது. திரைப்பட விழாவில் நாளுக்கு நாலு படம் பார்த்துக் களைத்தவர்கள் கத்தியதில் ஆச்சரியம் இல்லை. தம்பியும் அன்று இரவுப் பணி முடித்துவிட்டு வந்திருந்தான், பாவம்.

இதற்கெல்லாம் மூளை ஸ்கேனில் ஒரு தடயம் இருக்கிறது. நரம்பியல் ஆய்வாளர் யூரி ஹாசனின் குழு ஆட்களை, மூளை இயங்குவதைப் படம்பிடிக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்துப் படம் காட்டியது. ஹிட்ச்காக்கின் டிவி கதை ஒன்று ஓடியபோது மூளையின் மேலடுக்கான புறணியில் சுமார் 65 சதவீதப் பகுதி பார்வையாளர்கள் எல்லோரிடமும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கியது. செர்ஜியோ லியோனியின் கௌபாய் படத்துக்கு 45 சதவீதம். நியூயார்க் பூங்கா ஒன்றில் கேமராவை நிறுத்தி, வெட்டாமல் எடுத்த காட்சிக்கு 5 சதவீதம்கூட இல்லை. வேகமான படம் எல்லோரையும் ஒரே கயிற்றில் கட்டி இழுக்கிறது. மெதுவான படம் கயிற்றை அவிழ்த்துவிடுகிறது. தாளம் ஒத்துப்போகவில்லை என்பதற்காகப் பார்வையாளர்கள் படத்தில் மூழ்கவில்லை என்று அர்த்தமில்லை, ஆளுக்கொரு பக்கம் மூழ்கியிருக்கலாம் என்று ஹாசன் குழுவே எச்சரித்திருக்கிறது.

படத்தில் ஆளே இல்லாத ஓர் ஊர் வரும். சான்ட்ரோவும் கிளவுடியாவும் காரை நிறுத்திப் பூட்டிய கதவுகளுக்கு முன்னால் குரல் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஒருவரும் இல்லை. கார் கிளம்பிப் போய்விடுகிறது. ஆனால் காட்சி வெட்டப்படுவதில்லை. சந்துக்குள் நிற்கும் கேமரா, போன காரின் பக்கம் மெல்ல நகர்கிறது.

"அங்க யாரோ நின்னு பார்க்கிறாங்க" என்று மனைவி கிசுகிசுத்தாள்.

"நெட் நின்னுபோச்சா, அண்ணி?" என்றான் தம்பி.