செவ்ரோலே காரின் நீலப்பச்சை ஏன் வெளுக்கவில்லை?

1957 மாடல் செவ்ரோலே பெல் ஏர். இரட்டை வண்ண பெயின்ட், வெள்ளைப் பட்டை போட்ட டயர், பின்னால் மீன் துடுப்பு. பழைய அமெரிக்க கார் படங்களைச் சேகரித்துப் பகிர்கிறவர்களிடம் இந்தக் கார் இரண்டு கோலத்தில் வந்து சேரும். ஒரு படத்தில் காரும் வானமும் செம்மண் தண்ணீரில் முக்கி எடுத்ததுபோல் சிவந்து கிடக்கும். இன்னொன்றில் நீலப்பச்சை பெயின்ட் நேற்று ஷோரூமிலிருந்து வந்த மாதிரி மின்னும். இரண்டும் ஒரே காலத்துப் படங்கள்தான். ஃபிலிம்தான் வேறு.

வண்ண ஃபிலிமில் தெரிகிற எல்லா நிறமும் மஞ்சள், மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), சயான் என்ற மூன்று சாயங்களின் கலவை. பல பழைய ஃபிலிம்களில் நீலப்பச்சையான சயான்தான் நோஞ்சான். இருட்டில் பூட்டி வைத்தாலும் வெப்பத்திலும் ஈரத்திலும் மெல்லச் சிதையும். மிஞ்சுகிற மஞ்சளும் மெஜந்தாவும் சேர்ந்தால் சிவப்பு. நம் வீட்டுப் பழைய கல்யாண ஆல்பம் சிவந்துபோனதற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான்.

கோடக் நிறுவனம் 1935-இல் கொண்டுவந்த கோடக்குரோம் ஃபிலிம் வேறு ரகம். கண்டுபிடித்தவர்கள் லியோபோல்ட் மேன்னஸ், லியோபோல்ட் கொடாவ்ஸ்கி. ஒருவர் பியானோக்காரர், இன்னொருவர் வயலின்காரர்!

மற்ற ஃபிலிம்களில், சாயமாக மாறவேண்டிய கப்ளர் என்ற வேதிப்பொருள் உள்ளேயே இருக்கும். படம் கழுவிய பிறகும் மிச்சமாகிற கப்ளர் அங்கேயே தங்கி, நாளடைவில் மஞ்சள் கறையாகிவிடும். கோடக்குரோமில் கப்ளரே கிடையாது. சரியாகச் சொன்னால், அது மூன்று அடுக்குக் கறுப்பு வெள்ளை ஃபிலிம். அடுக்குகள் முறையே நீலம், பச்சை, சிவப்பு ஒளியைப் பதிவு செய்யும். நிறமெல்லாம் கழுவும்போது வெளியிலிருந்து வருவது.

முதலில் கறுப்பு வெள்ளை நெகட்டிவாகக் கழுவுவார்கள். அப்புறம் ஃபிலிமின் அடிப்பக்கத்திலிருந்து சிவப்பு ஒளி. கீழடுக்கில் மிஞ்சிய வெள்ளி உப்பு (ஒளி பட்டால் மாறும் பொருள்) மட்டும் விழித்துக்கொள்ள, அங்கே சயான் சாயம் உருவாகும். அடுத்து மேலிருந்து நீல ஒளி, மேலடுக்கில் மஞ்சள். கடைசியாக நடு அடுக்கில் மெஜந்தா. பிறகு வெள்ளி முழுவதையும் கரைத்து எடுத்துவிட்டால் சாயம் மட்டும் நிற்கும். வீட்டு இருட்டறையில் நடக்கிற காரியமா இது? அதற்கென்றே அமைந்த லேபுக்குத்தான் அனுப்பவேண்டியிருந்தது. கான்சஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் ஊரிலிருந்த கடைசி லேப், 2010 டிசம்பர் இறுதியோடு புதிய ரோல் வாங்குவதை நிறுத்திக்கொண்டது.

கோடக்குரோம் என்றாலே நிறம் போகாது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அவ்வளவு நம்பவேண்டாம். ஆரம்ப ஆண்டு ஸ்லைடுகள் (ப்ரொஜெக்டரில் போட்டுப் பார்க்கும் ஃபிலிம் துண்டுகள்) வெளுத்துப்போயின. 1938-இல் கழுவும் முறையை மாற்றிய பிறகே சாயம் நிலைத்தது. அப்போதும் இருட்டில்தான் அதற்கு ஆயுள் கெட்டி. ப்ரொஜெக்டர் வெளிச்சம் ஆகாது. விருந்தாளிகள் வரும்போதெல்லாம் சுவரில் ஓட்டிக் காட்டிய ஸ்லைடு வெளிறியிருக்கும். இன்று நம் கண்ணைப் பறிக்கிற பெல் ஏர், யாரோ ஒருமுறை பார்த்துவிட்டு அட்டைப்பெட்டியில் போட்டு மறந்த ஸ்லைடாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.