இனவெறி வசை: புகார் சொல்லும் சுமையையும் வீரர் தலையில் கட்டாதீர்கள்

விளையாட்டு உளவியல் ஆலோசகராகக் கால்பந்து வீரர்களோடு பேசுவதுதான் என் வேலை. காயம், ஃபார்ம் போனது, அணியில் இடம் கிடைக்காதது என்று பலதுக்கும் வருவார்கள். இனவெறி வசையைப் பற்றிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. தூக்கம் வரவில்லை என்பார்கள். கார்னர் எடுக்கப் போகும்போது கால் தயங்குகிறது என்பார்கள். மெல்லப் பேச்சுக் கொடுத்தால், என்றோ ஒரு ஆட்டத்தில் கேலரியிலிருந்து வந்த குரங்குச் சத்தமோ, எதிரணி ஆள் காதருகே சொல்லிவிட்டுப் போன ஒரு வார்த்தையோ அடியில் கிடக்கும்.

அந்தச் சில வினாடிகளில் வீரருக்குள் என்ன நடக்கிறது என்று வெளியில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பலருக்குக் கோபம் பிறகுதான் வருகிறது. முதலில் சந்தேகம். ‘நம்மைத்தான் சொன்னானா, காதில் சரியாகத்தான் விழுந்ததா?’ அதற்குள் பந்து திரும்பி வந்துவிடும். கூடவே ஒரு கணக்கும் ஓடும்: சொன்னால் நடுவர் நம்புவாரா, ஆட்டம் நின்றுவிடுமே, ஜெயிக்கிற நேரத்தில் பிரச்சினை பண்ணினான் என்று பேர் வருமே. இதையெல்லாம் ஓடிக்கொண்டே யோசிக்க வேண்டும். அப்புறம் ஒரு பாஸ் தப்பினால், ‘இன்று அவன் கவனமே இல்லை’ என்று நாம் எழுதிவிடுகிறோம்.

என்னிடம் பேசியவர்களில் பலருக்குத் திட்டியவனின் முகம் நினைவில் இல்லை. பக்கத்தில் நின்றுகொண்டு, கேட்டும் கேட்காததுபோலக் குனிந்து ஷூ லேஸைச் சரிசெய்த சக வீரரை மறக்க முடிவதில்லை. வசை ஒரு காயம் என்றால், அதன் பிறகு சுற்றியிருப்பவர்கள் நடந்துகொள்வது இரண்டாவது காயம். முதல் காயத்தை நாம் எப்போதும் தடுத்துவிட முடியாது. இரண்டாவது முழுக்க நம் கையில் இருக்கிறது.

2017 ஏப்ரல் 30 அன்று இத்தாலியின் காலியாரியில் நடந்ததைப் பாருங்கள். பெஸ்காரா அணிக்கு ஆடிய சுல்லி முன்டாரி, கேலரியிலிருந்து தன்னை இனவெறியோடு வசைபாடுகிறார்கள் என்று நடுவரிடம் முறையிட்டார். நடுவர் அவருக்கே மஞ்சள் அட்டை காட்டினார். மனம் வெறுத்து மைதானத்தை விட்டு வெளியேறியதற்கு இரண்டாவது மஞ்சள். மேலே ஒரு ஆட்டத் தடை வேறு. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் தடையை நீக்கினார்கள். புகார் சொன்னவருக்குத் தண்டனை என்ற செய்தி, அதைப் பார்த்துக்கொண்டிருந்த எத்தனை இளம் வீரர்களின் வாயை அடைத்திருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

சக வீரர்கள் விஷயத்தில் இரண்டு ஆட்டங்களை ஒப்பிட்டுப் பேசுவது என் வழக்கம். 2020 பிப்ரவரியில் போர்ச்சுகலின் கிமரைன்ஸில் போர்ட்டோ அணியின் மூசா மரேகா, கேலரியின் இனவெறி வசையைச் சகிக்காமல் வெளியேற முயன்றபோது, சொந்த அணியினரே அவரைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, சமாதானப்படுத்தத்தான். ஆனால் அந்தக் காட்சியில் அவர் தன் அணியோடும் போராட வேண்டியிருந்தது. 2024 ஜனவரியில் இத்தாலியின் உடினேயில் ஏசி மிலான் கோல்கீப்பர் மைக் மென்யான், கோலுக்குப் பின்னாலிருந்து வந்த குரங்குச் சத்தத்தைச் சகிக்காமல் மைதானத்தை விட்டு ஓய்வறைக்கு நடந்தபோது, அணியும் அவரோடு போனது. சில நிமிடங்கள் கழித்துச் சேர்ந்து திரும்பி வந்து ஆடினார்கள். பேச்சு எதுவும் தேவைப்படவில்லை, கூட நடந்தாலே போதுமாக இருந்தது.

விதிகள் இல்லாமல் இல்லை. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா 2009-லேயே மூன்று கட்ட நடைமுறையைக் கொண்டுவந்தது. முதலில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி ஒலிபெருக்கியில் எச்சரிக்கை சொல்ல வைப்பார். அடங்காவிட்டால் இரு அணிகளையும் சிறிது நேரம் உள்ளே அனுப்புவார். அதற்கும் அடங்காவிட்டால் ஆட்டம் கைவிடப்படும். 2024-இல் ஃபிஃபா, மணிக்கட்டுகளைக் குறுக்காக வைத்துக் காட்டும் சைகையையும் சேர்த்தது. இந்தச் சைகையை நான் வரவேற்கிறேன். அத்தனை இரைச்சலில், தன்னைத் திட்டிய அதே வார்த்தையைத் தன் வாயாலேயே நடுவரிடம் திருப்பிச் சொல்ல வேண்டிய கொடுமை குறைகிறது. ஆனாலும் கையைத் தூக்க வேண்டியவர் பெரும்பாலும் அடிபட்டவராகவே இருக்கிறார். என் வாதம் இங்கேதான்: புகார் சொல்வது அணியின் வேலை. தொடர்ந்து ஆடுவதா வெளியேறுவதா என்பது மட்டும் அந்த வீரரின் முடிவு. இரண்டில் எதைச் செய்தாலும் யாரும் குறை சொல்லக் கூடாது.

இதை ஆட்டத்தின் நடுவே யோசிக்க முடியாது. சீசன் தொடங்கும் முன்பே உட்கார்ந்து பேசி வைக்க வேண்டும். யார் காதில் விழுந்தாலும் கேப்டனிடம் சொல்வது, கேப்டன் நடுவரிடம் போவது, பெஞ்சில் ஒருவர் நிமிடத்தையும் சத்தம் வந்த பகுதியையும் குறித்துக்கொண்டு நான்காவது நடுவரிடம் சொல்வது. 2019 அக்டோபரில் சோஃபியாவில் பல்கேரியாவோடு ஆடப் போன இங்கிலாந்து அணி, இப்படி நடந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசியிருந்தது. அன்றுதான் முதன்முறையாக நாட்டுக்காக ஆடிய டைரோன் மிங்ஸ், தயங்காமல் துணை நடுவரிடம் திரும்பி, ‘அது காதில் விழுந்ததா?’ என்று கேட்டார். முதல் பாதியில் ஆட்டம் இரண்டு முறை நின்றது. முன்பே பேசி வைத்ததுதான் ஒரு புதியவருக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

கோச்கள் நல்லெண்ணத்தோடு சொல்லும் ஒரு வாக்கியத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடச் சொல்வேன்: ‘கோல் போட்டு பதில் சொல்லு.’ கேட்க வீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் மரியாதையைக் கோல் போட்டுத்தான் சம்பாதிக்க வேண்டும் என்று அதற்கு அர்த்தமாகிவிடுகிறது. சரி, கோல் விழாவிட்டால்? 2021 ஜூலை 11, யூரோ இறுதிப் போட்டியில் பெனால்டியைத் தவறவிட்ட இங்கிலாந்து வீரர்கள் ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாகா மூவருக்கும் அன்றிரவே இணையத்தில் வந்து கொட்டிய இனவெறி வசையை எல்லோரும் பார்த்தோம். ‘கண்டுக்காதே’ என்பதும் அப்படித்தான். கண்டுகொண்டுவிட்ட மனிதரிடம் அதைச் சொல்லிப் பயனில்லை. ‘நானும் கேட்டேன். நடுவரிடம் சொல்லிவிட்டோம். உனக்கு இப்போது என்ன வேண்டும்?’ இந்த மூன்று வாக்கியம் போதும்.

இணைய வசைக்கு ஒரு நடைமுறை யோசனை. ஆட்டம் முடிந்த இரவு வீரர் தன் கணக்கைத் திறக்காமல் இருப்பது நல்லது. ஸ்கிரீன்ஷாட் எடுப்பது, கணக்கின் பெயரையும் நேரத்தையும் சேமிப்பது, புகார் அனுப்புவது எல்லாவற்றையும் கிளப் ஆள் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். ஆதாரம் திரட்டுகிறேன் என்று தன்னைப் பற்றிய வசைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்களோடு நான் பேசியிருக்கிறேன்.

ஆதாரம் ஒழுங்காக இருந்தால் வழக்கு நிற்கும். 2023 மே மாதம் வலென்சியாவின் மெஸ்டாயா மைதானத்தில் ரியல் மாட்ரிட் வீரர் வினீசியஸ் ஜூனியரை இனவெறியோடு வசைபாடிய மூன்று பேருக்கு, 2024 ஜூனில் எட்டு மாதச் சிறைத் தண்டனையும் இரண்டு ஆண்டு மைதானத் தடையும் கிடைத்தன. கால்பந்து மைதானத்தில் நடந்த இனவெறி வசைக்கு ஸ்பெயினில் வந்த முதல் தண்டனைத் தீர்ப்பு அது. கிளப்புக்கு அபராதம் போட்டால் கூட்டத்தில் இருந்தவன் மறைந்துகொள்வான். ஆளை அடையாளம் கண்டு பெயரோடு வழக்குப் போட்டால் பக்கத்து இருக்கைக்காரரும் யோசிப்பார்.

கடைசியாக, பலர் மறந்துவிடும் ஒன்று. சம்பவம் நடந்த இரண்டு மூன்று நாள் எல்லோரும் விசாரிப்பார்கள், அறிக்கை வரும். மாதக்கணக்கில் கழித்து அதே மைதானத்துக்குத் திரும்பப் போகும் வாரத்தில்தான் தூக்கம் மறுபடி கெடும். போட்டி அட்டவணை வந்ததுமே அணி நிர்வாகம் அந்தத் தேதியைக் குறித்து வைக்கட்டும். ஒரு வாரம் முன்பே வீரரைத் தனியாகக் கூப்பிட்டு, ஆட விருப்பமா, எந்தப் பக்கம் வார்ம்-அப் செய்யலாம், குடும்பத்தார் வருகிறார்களா, வந்தால் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டு, அதற்கேற்ப உள்ளூர் கிளப்போடு பேசி ஏற்பாடு செய்துவிடுங்கள்.