வெயிலில் கால் தளர்ந்தால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை

போன சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை போன் வந்தது. "சார், எந்திரிக்கவே முடியலை. கண்ணும் மங்குது. மறுபடியும் வந்துருச்சு போல." தேவகோட்டைப் பக்கத்துப் பெண், முப்பதுகளில் இருக்கிறார். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்ற நரம்பு நோய் இருப்பது தெரிந்து நான்கு வருடம். அவருக்கு பிசியோதெரபி கொடுப்பது நான்தான்.

காய்ச்சல் இருக்கிறதா, சிறுநீர் போகும்போது எரிகிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். சரி, காலையிலிருந்து என்ன செய்தீர்கள்? "எண்ணெய் தேய்ச்சு வெந்நீர்ல தலைக்குக் குளிச்சேன். அப்புறம் அடுப்படியில நின்னு பணியாரம் ஊத்தினேன்."

ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்து, கழுத்திலும் கைகளிலும் ஈரத்துண்டு போட்டு, குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுக்கச் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். எழுந்து நடந்து வந்துதான் போனை எடுத்தாராம்.

மூளை, தண்டுவட நரம்புகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறை இந்த நோயில் அங்கங்கே சிதைந்துபோகிறது. அந்த இடங்களில் நரம்புச் செய்தி ஏற்கெனவே தட்டுத்தடுமாறித்தான் போகிறது. உடல் சூடு அரை டிகிரி ஏறினாலே சிலருக்கு அது நின்றுவிடும். சூடு தணிந்தால் மறுபடி ஓடும். நரம்புக்குப் புதிதாகச் சேதம் எதுவும் இல்லை.

1890இல் வில்ஹெல்ம் ஊத்தாஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் இதைப் பதிவுசெய்தார். உடலை வருத்தி வேலை செய்ததும் நோயாளிகளுக்குப் பார்வை மங்குவதைப் பார்த்து, உழைப்புதான் காரணம் என்று நினைத்தார். உண்மையான காரணம் சூடு என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் பல காலம் எம்.எஸ். நோயாளிகளை 'அலட்டிக்கொள்ளாதீர்கள், படுத்திருங்கள்' என்றே சொல்லிவந்தார்கள். 1996இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 15 வாரம் முறையாகப் பயிற்சி செய்தவர்களுக்கு உடல்திறனும் தசை பலமும் கூடின. எங்கள் பக்கத்து வீடுகளில் இன்னமும் அந்தப் பழைய அறிவுரைதான் ஓடுகிறது. பங்குனி பிறந்ததும் கட்டிலில் படுப்பவர், ஆடி வரும்போது சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியாதவராகிவிடுகிறார். நான் அதிகம் வருத்தப்படுவது இதற்காகத்தான். அந்தத் தளர்ச்சி நோயால் வந்ததல்ல, நான்கு மாதம் படுத்திருந்ததால் வந்தது.

நேரத்தையும் இடத்தையும் மாற்றினால் போதும். விடிகாலை ஐந்தரைக்குச் செட்டிநாட்டு வீட்டு வளவை, அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தைவிட நல்ல உடற்பயிற்சிக் கூடம் எனக்குத் தெரியவில்லை. கனத்த சுவர், முற்றத்திலிருந்து வரும் காற்று, காலுக்குக் குளிர்ச்சியான ஆத்தங்குடிக் கல். பிடித்துக்கொள்ள வரிசையாகத் தூண்கள். பத்து நிமிடம் நடை, பத்து நிமிடம் ஓய்வு, மறுபடி பத்து நிமிடம். தொடங்கும் முன் முகம், கை, கால்களைக் குளிர்ந்த நீரில் நனைத்துக்கொள்ளுங்கள். நடுநடுவே குளிர்ந்த தண்ணீர் குடியுங்கள். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: ஈரம் சொட்டினால் அந்தக் கல் வழுக்கும்.

இன்னொன்று. கால் மரத்திருப்பவர்கள் உச்சிவெயிலில் கோயில் பிரகாரத்தைச் செருப்பில்லாமல் சுற்றவே கூடாது. பாதத்தில் கொப்புளம் கிளம்பியதைக்கூட அறியாமல் மூன்று சுற்று முடித்துவிட்டு வந்த ஒருவருக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன்.

தண்ணீர் விஷயத்தில் பெண்கள் உண்மையைச் சொல்வதில்லை. அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது, அடக்க முடியவில்லை என்பதால் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். அதனால் சிறுநீர்த் தொற்று வந்து, காய்ச்சலும் சேர்ந்தால் கால் இன்னும் தளரும். கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீரை அடக்கத் தரும் சில மாத்திரைகள் வியர்வையைக் குறைக்கும், அதனால் உடல் சூடு தணியாது. அதையும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடல் குளிர்ந்த பிறகும் தளர்ச்சியோ பார்வை மங்கலோ ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், அல்லது காய்ச்சல் இருந்தால், காத்திருக்காமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

அந்தப் பெண் இப்போது வெதுவெதுப்பான தண்ணீரில்தான் குளிக்கிறார். பணியாரத்தை உட்கார்ந்தபடி, ஃபேன் காற்றில், மாலையில் ஊற்றுகிறார். விடிகாலையில் வளவைச் சுற்றும்போது அவருடைய அப்பத்தா தூணோரம் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறார். போன வாரம் நான் போனபோது எண்ணிக்கை பதினெட்டில் இருந்தது.