ஹோக்மாவுக்கு எது தமிழ்?

"தேவன் ஈராமுக்குத் தொழில்நுட்ப அறிவைக் கொடுத்தார்." சாலொமோன் ராஜா கட்டிய ஆலயத்தைப் பற்றிப் பிரசங்கம் வந்தாலே இந்த வரியும் வந்துவிடுகிறது. ஈராம் அந்த ஆலயத்துக்கு வெண்கல வேலை செய்த கைவினைஞன். வாலிபர் கூட்டமென்றால் அவர் நேராக இன்ஜினியரே ஆகிவிடுகிறார். மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது ஹோக்மா என்ற எபிரெயச் சொல். அதற்குத் தொழில்நுட்பம் என்று பொருள் சொல்வது தவறு.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். யுனானி வைத்தியரை ஹக்கீம் என்கிறோமே, அந்த அரபுச் சொல்லும் ஹோக்மாவும் உறவு. வேதாகமத்தில் இது வெறும் ஏட்டறிவு இல்லை, கைத்திறனும் சேர்ந்த அறிவு. 107ஆம் சங்கீதத்தில் புயலில் மாலுமிகளுக்குக் கைகொடுக்காமல் போவது ஹோக்மா, யாத்திராகமம் 35இல் பெண்கள் ஆட்டுமயிரை நூற்றதும் ஹோக்மாவினால்தான்.

சரி, தொழில்நுட்பம் ஏன் கூடாது? இன்றைக்கு அந்தச் சொல் கருவியையும் முறையையும் குறிக்கிறது. விலைக்கு வாங்கலாம், வெளிநாட்டிலிருந்து இறக்கலாம், யார் இயக்கினாலும் இயங்கும். ஈராம் செய்த வேலையைப் பாருங்கள். இரண்டு வெண்கலத் தூண்கள், அவற்றுக்கு யாகீன், போவாஸ் என்று பெயர். ஒவ்வொன்றும் 18 முழ உயரம், அதாவது சுமார் 8 மீட்டர். உள்ளே கூடு, வெண்கலத்தின் கனம் நாலு விரல்கடை என்று எரேமியா 52 சொல்கிறது. யோர்தான் சமவெளியில், சுக்கோத்துக்கும் சர்தானுக்கும் நடுவே களிமண் தரையில் வார்த்தார்கள். அச்சு காய்ந்ததா, உலோகம் ஊற்றும் பதத்துக்கு வந்ததா என்பதெல்லாம் வேலை செய்கிறவனின் கண்ணும் கையும் சொல்ல வேண்டியவை. அப்புறம் அந்தத் தூண்களின் உச்சியில் லீலிப்பூ வேலை, தூணின் தலைப்பாகமான ஒவ்வொரு கும்பத்தைச் சுற்றியும் 200 மாதளம்பழங்கள். கீழே நிற்கிற ஆராதனைக்காரர் யாரும் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கப் போவதில்லை, ஆனாலும் செய்திருக்கிறான். மனுஷர் கண்ணுக்கு எட்டாத இடத்திலும் குறை வைக்காத அந்த உண்மையை எந்தத் தொழில்நுட்பத்தில் சேர்ப்பது? ஆலயத்துக்கு முன்பு இஸ்ரவேலர் ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்தவர்களை மூலம் ஹக்கம் லேவ், அதாவது இருதயத்தில் ஹோக்மா உள்ளவர்கள் என்று அழைக்கிறது. தொழில்நுட்ப இருதயம் என்று யாராவது சொல்வார்களா?

பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு மேல் எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் உண்டு. ராஜாக்களின் முதல் புத்தகத்தில் சாலொமோனுக்குக் கிடைத்ததும் ஹோக்மா, ஈராமிடம் இருந்ததும் ஹோக்மா, ஒரே புத்தகம், ஒரே சொல். தமிழில் ராஜாவுக்கு ஞானம், கன்னானின் (வெண்கல வேலைக்காரனின்) மகனுக்கு யுக்தி! யுக்தி என்றால் இன்று தந்திரம் என்றுதான் காதில் விழும். சிம்மாசனத்தில் இருக்கிறவனுக்கும் உலைக்களத்தில் நிற்கிறவனுக்கும் மூலம் போடாத வேலியை மொழிபெயர்ப்பு போட்டுவிட்டது, நாமும் ஞானம் என்றால் பிரசங்க மேடைக்கு, வேலை என்றால் பட்டறைக்கு என்று பிரித்துப் பழகிவிட்டோம். இடத்துக்குத் தக்க சொல் போடுவது மொழிபெயர்ப்பாளரின் உரிமைதான். ஆனால் ஒரே வரம் இரண்டு பேருக்கும் கிடைத்தது என்பதே வாசகனுக்குத் தெரியாமல் போனால் அது நஷ்டம்.

என் பரிந்துரை தேர்ச்சி. தேர்தல் என்றால் ஆராய்ந்து அறிவது, "தேறற்க யாரையும் தேராது", அதாவது ஆராயாமல் யாரையும் நம்பாதே என்பது குறள். கைதேர்ந்தவன் என்றால் வேலையில் பழகி முதிர்ந்தவன். நியாயம் விசாரிக்கிற ராஜாவுக்கும் வெண்கலம் வார்க்கிறவனுக்கும் பொருந்துகிற தமிழ்ச் சொல் இது. பரீட்சையில் தேர்ச்சி என்றுதானே நினைப்பார்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். அச்சமிருந்தால் தொழில் வருகிற இடங்களில் கைத்தேர்ச்சி என்று போடலாம். ஹக்கம் லேவுக்குத் தேர்ந்த இருதயம் என்பது எந்த விளக்கமும் இல்லாமலே புரியும்.